வெளியூர்ப் புழு

இந்துமதியின் வயிற்றிலிருந்து புழு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பாறைக்கானல் எஸ்டேட் மேல் டிவிஷனில் குடற்புழுவே கிடையாது என்று விழா எடுத்து அறிவித்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால் அது சாதாரணப் புழுவாக இருந்திருக்கும். நாலு நாள் பிந்தி வந்ததால் அது நிர்வாகச் சிக்கலாகிவிட்டது.

தெய்வம்மாவுக்கு நிர்வாகம் தெரியாது. தெரிந்ததெல்லாம் கொழுந்து பறிப்பதும், மழையில் நனைந்த விறகைப் பற்றவைப்பதும், மகள் இந்துமதியைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுவதும்தான். இந்துமதிக்கு ஒன்பது வயது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். கை கால் குச்சி. வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு ஏறும் பாதையில் மூன்று இடங்களில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் போவாள். யாரும் பார்க்காதபோது சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு இருக்காது, வெள்ளையாக இருக்கும்.

அன்று காலை தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒதுங்கிய பிள்ளை அலறினாள். தெய்வம்மா ஓடிப் போய்ப் பார்த்தாள். ஒரு சாண் நீளம். வெளுத்த ரோஸ் நிறம். நெளிந்துகொண்டிருந்தது.

"பூச்சி இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றான் அவள் கணவன் அய்யாவு. எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்தடிக்கிறவன். சொன்னது அவன் மட்டுமில்லை. அந்த லைனில் எல்லார் வீட்டிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேல் டிவிஷனில் எதிரெதிராக இரண்டு வரிசை, இருபத்தாறு வீடுகள். அவற்றுக்கு நாலு கக்கூஸ். விழாவுக்கு முந்தின வாரம் நாலுக்கும் இளம்பச்சைப் பெயிண்ட் அடித்துக் கதவில் ஒரு சிரிக்கும் குடும்பத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் மேட்டிலிருந்து இறங்கிக் கக்கூஸின் வெளிச்சுவர் வரை வந்து நின்றிருந்தது. சுவரைத் தாண்டி உள்ளே போவது அடுத்த கட்டத் திட்டம். ஆகையால் சனங்கள் எப்போதும்போல் செடிக்குப் பின்னால் போனார்கள். மழை பெய்தால் அங்கிருக்கிறதெல்லாம் கரைந்து சரிவில் இறங்கும். சரிவின் அடியில்தான் ஊற்று. ஊற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை விழாவில் பேசியவர் வட்டாரக் குடற்புழு ஒழிப்பு அலகின் தலைவர் பொன்ராஜ். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல சரீரம், இனிமையான குரல். மேடையில் ஒவ்வொரு அதிகாரியின் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. கைதட்டல்களுக்கு இடையிடையே அதிலிருந்து ஒரு வாய் குடித்துக்கொண்டே அவர் பேசினார்:

"அஞ்சு வருசத்துக்கு முந்தி இந்த மலையில பத்துப் புள்ளைங்கள்ல ஏழு புள்ளைங்க வயித்துல புழு இருந்துதுங்க. இன்னைக்கு ஒண்ணுகூட இல்லைங்க! எப்படி சாதிச்சோம்? பரிசோதனை பண்ற மொறையையே மாத்தினோமுங்க. முன்னால எல்லாம் மலத்தைப் பரிசோதனை பண்ணிட்டிருந்தோம். அதுல எப்பப் பாத்தாலும் புழு வந்துட்டே இருந்துது. இப்ப பதிவேட்டைப் பரிசோதனை பண்றோமுங்க. ஒரு புழு இல்லை!"

பிறகு பத்துப் பிள்ளைகளை மேடையேற்றி வாயைத் திறக்கச் சொல்லி, மாத்திரையை நாக்கில் வைத்துப் படம் எடுத்தார்கள். முதல் படம் மங்கலாக வந்ததால் அதே பத்துப் பேருக்கு இன்னொரு மாத்திரையும் கிடைத்தது. மிச்சத்தை அடுத்த ஊர்ப் படத்துக்காகப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். இந்துமதி வரிசையில் பதினோராவதாக நின்றிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தெய்வம்மா லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ரேகாவிடம் போனாள். ரேகா எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவள். பேச்சில் மலையாளம் எட்டிப்பார்க்கும். பிள்ளையின் இமையை இழுத்துப் பார்த்தாள். பதிவேட்டைத் திறந்தாள். 'குடற்புழு உள்ளோர்' என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது.

"எழுதான் இடமில்ல சேச்சி" என்றாள். அலமாரியைத் திறக்காமல் தன் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். "இது என் கையில இருந்தது. இப்ப உள்ளதெல்லாம் விழுந்துடும். ஆனா மூணு மாசத்துல மறுபடியும் வரும்."

"ஏம்மா வருது?"

"மண்ணுல இருக்கு, தண்ணியில இருக்கு. இவளுக்கு மட்டும் குடுத்தா போதாது. லைன்ல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடணும். கக்கூஸ்ல தண்ணி வரணும். ஊத்தைச் சுத்தி சுவர் கட்டணும். அதுக்கெல்லாம் ஆபீஸ்ல இருந்து உத்தரவு வேணும். உத்தரவு வரணும்னா இந்த ஊர்ல புழு இருக்குன்னு யாராச்சும் ஒரு வரி எழுதணும்."

"நீங்க எழுதக்கூடாதா?"

ரேகா நீலக் கோட்டைப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு சேச்சி" என்றாள்.

அந்த ஒரு வரியை எழுதவைக்கத்தான் தெய்வம்மா கூடலூருக்குப் பஸ் ஏறினாள். அலகு அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. மனு வாங்கும் இடத்தில் குமாரசாமி என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர். முன்னால் நிற்பவர் யாராயிருந்தாலும் அரை அடி எழுந்து உட்காருவார்.

"சொல்லுங்கம்மா."

"எம்புள்ள வயித்துல பூச்சி இருக்கு சார்."

"பூச்சிங்களா? பூச்சின்னா வேளாண்மை ஆபீஸுங்கம்மா. கீழ இறங்கி, பெட்ரோல் பங்க் தாண்டி, இடதுபக்கம்."

அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதால் தெய்வம்மா போனாள். அங்கே இருந்தவர் எந்தப் பயிர் என்று கேட்டார். பிள்ளை என்றாள். அவர் தன்னிடமிருந்த பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

மறுபடியும் வந்தவளைக் குமாரசாமி அடையாளம் கண்டுகொண்டு அரை அடி எழுந்தார். "புழுன்னு சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். எந்த ஊர் என்று கேட்டுப் பதிவேட்டைப் புரட்டியவர் முகம் மலர்ந்தது. "மேல் டிவிஷனா! வாழ்த்துகளுங்கம்மா. உங்க ஊர்ல புழு இல்லைங்களே."

"இருக்குதுங்க சார். நானே பாத்தேன்."

"ஏனுங்கம்மா, இல்லாத புழுவுக்கு நான் எப்படிங்க மனு வாங்கறது? புழு இருக்கற ஊருக்கு மஞ்சள் படிவம். புழு ஒழிஞ்ச ஊருக்கு ரோஸ் படிவம். உங்களுக்கு ரோஸ்தான் தர முடியுமுங்க."

ரோஸ் படிவத்தின் தலைப்பு 'பயனாளியின் நன்றி மனு'. அதில் தெய்வம்மா சொல்லச் சொல்லக் குமாரசாமியே நல்ல கையெழுத்தில் எழுதினார்: மகளுக்குப் புழு, கக்கூஸில் தண்ணீர் இல்லை, ஊற்று கெட்டிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினார், ஒன்றையும் விடவில்லை. முடிவில் 'மேற்கண்டவற்றுக்காக என் மனமார்ந்த நன்றி' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. இந்துமதிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீளமான சொற்களுக்கு நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"தங்கள்... நன்றி... பெரு... மகிழ்ச்சியுடன்... ஏற்றுக்கொள்ளப்பட்டது."

"வேற?"

"அவ்வளவுதான்மா."

மூன்று மாதம் என்று ரேகா சொன்னாள். ரேகா சொன்னதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அடுத்த புழு வந்துவிட்டது. இந்த முறை பிள்ளை அலறவில்லை. தெய்வம்மா ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, உப்புத் தண்ணீர் ஊற்றி, குச்சியால் எடுத்து உள்ளே போட்டு மூடினாள். பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். புழுவையே கொண்டுவந்துவிட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வார்கள் என்பது அவள் கணக்கு. ஒன்றை நேரில் காட்டினால் நம்புவார்கள் என்று நினைக்கிற அளவுக்கு வெள்ளை மனம்.

பாட்டிலைக் கண்டதும் குமாரசாமி முழுசாக எழுந்துவிட்டார். அன்று பிற்பகலே மூவர் குழு கூடியது. தலைவர் பொன்ராஜ், கணக்குப் பிரிவு மேலாளர் ஒருவர், ஆய்வக நுட்புநர் ஷண்முகப்ரியா. ஷண்முகப்ரியா ஒப்பந்த வேலைக்கு வந்து ஆறு மாதமாகியிருந்த பொள்ளாச்சிப் பெண். பாட்டிலை மேசை நடுவில் வைத்து மூவரும் பார்த்தார்கள்.

"நூடுல்ஸா இருக்கலாமுங்களே?" என்றார் மேலாளர்.

"உருண்டைப்புழுங்க சார்" என்றாள் ஷண்முகப்ரியா. "பொட்டைப் புழு. ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் முட்டை போடும்."

"அம்மணி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார் பொன்ராஜ். பிறகு தெய்வம்மா பக்கம் திரும்பி, வருத்தத்தோடு கேட்டார்: "இது உங்க புள்ளை வயித்துல இருந்துதான் வந்துதுங்கறதுக்கு என்னங்கம்மா ஆதாரம்?"

"நான் பாத்தேன் சார்."

"வேற யாரு பாத்தாங்க?"

"எம் புருசன்."

"குடும்பத்துச் சாட்சி செல்லாதுங்களே. புழு வெளிய வர்றப்ப அரசு அலுவலர் யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?"

"காலையில ஆறு மணிக்கு, செடிக்குப் பின்னால சார். யாரு இருப்பாங்க?"

பொன்ராஜ் முன்னால் சாய்ந்தார். "செடிக்குப் பின்னாலயா? அப்ப கழிப்பறை எதுக்குங்க கட்டிக் குடுத்திருக்கோம்?"

"அதுல தண்ணி இல்ல சார்."

"தண்ணி வேற ஆபீஸுங்க. அதை இங்க பேசக்கூடாது. ஆனா செடிக்குப் பின்னால போறோம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது எங்க ஆபீஸ்."

குமாரசாமி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் தெய்வம்மாவுக்கு ஒரு அறிவிப்பு வந்தது. புழுவற்ற ஊரின் பொது இடத்தை அசுத்தம் செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இதையும் இந்துமதிதான் படித்தாள். படித்துவிட்டு, "நான் பண்ணதுக்கு உன்னைத் திட்டுறாங்களாம்மா?" என்றாள். தெய்வம்மா காகிதத்தைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

பாட்டில் என்னமோ வீண் போகவில்லை. அலகுக்கு மாநில அளவில் ஒரு விருது வரவிருந்தது. விருதுக்கு முன்னால் யாரும் புழுவோடு அலைவது நல்லதில்லை என்று பொன்ராஜுக்குத் தோன்றியது. அதனால் மேல் டிவிஷனில் நேரடி ஆய்வு நடத்தி, புழு இல்லை என்பதை இன்னொரு தடவை உறுதிசெய்துவிடுவது என்று முடிவானது.

ஜீப் வந்தது. ஷண்முகப்ரியா வீடு வீடாகப் போய் வீட்டுக்கு ஒன்றாக மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்து, மறுநாள் காலையில் நிரப்பித் தரச் சொன்னாள். சனங்களுக்கு வெட்கமும் சிரிப்பும். "இத்தனை வருசத்துல நம்மகிட்ட இதையாச்சும் கேட்டு வந்தாங்களே" என்றான் அய்யாவு. மறுநாள் இருபத்தாறு வீட்டு டப்பாக்களும் வரிசையில் வந்து சேர்ந்தன. பெயர் எழுதி, ஒன்று விடாமல்.

தெய்வம்மா பொன்ராஜுக்கு டீ போட்டு எடுத்து வந்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், ஊற்றிருந்த திசையைப் பார்த்தார்.

"நான் டீ குடிக்கறதில்லைங்கம்மா" என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலையாக இருந்த இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை உரித்து வாயில் போட்டுப் பாட்டில் தண்ணீரைக் குடித்தார்.

"உடம்பு சரியில்லீங்களா சார்?"

"அதெல்லாம் இல்லைங்க. புழு மாத்திரை. எங்க ஆபீஸ்ல அது வழக்கமுங்க. புழுவற்ற ஊருக்கு எப்பப் போயிட்டு வந்தாலும் எல்லாரும் ஒண்ணு போட்டுக்குவோம். ஜாக்கிரதையா இருந்துக்கோணுமில்லீங்க?"

தெய்வம்மா அந்த வெறும் மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையில் இன்னொன்று இருக்குமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

ஷண்முகப்ரியா இரண்டு நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பத்தொன்பது வீட்டு டப்பாக்களில் முட்டை இருந்தது. சிலவற்றில் உருண்டைப்புழு, சிலவற்றில் கொக்கிப்புழு, இந்துமதியின் டப்பாவில் இரண்டும். எழுதிக் கொடுத்தாள். இன்னொரு முறை பார்க்கச் சொல்லித் திருப்பினார்கள். பார்த்தாள். பத்தொன்பதுதான். கண்ணாடி மாற்றிக்கொண்டு பார்க்கச் சொன்னார்கள். அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை.

முடிவில் அறிக்கை இப்படி வந்தது: 'பெறப்பட்ட இருபத்தாறு மாதிரிகளில் பத்தொன்பதில் புழு முட்டைகள் காணப்பட்டமையால் அவை தூய்மையற்ற மாதிரிகள் எனக் கருதி நிராகரிக்கப்பட்டன. எஞ்சிய ஏழு தூய்மையான மாதிரிகளில் புழு ஏதும் இல்லை. எனவே இவ்வூர் நூறு விழுக்காடு புழுவற்றது.'

அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே இந்துமதி பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தச்சத்து பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருத்தி வந்து தெய்வம்மாவிடம், "இது உள்ள இருக்கற கொக்கிப்புழு குடிக்கறதும்மா. நாங்க ஏத்திக்கிட்டே இருக்கலாம், அது குடிச்சுக்கிட்டே இருக்கும். மாத்திரை குடுத்திருக்கு, ஆனா மண்ணுல இருந்து கால் வழியா திரும்பவும் ஏறும். செருப்பு போடச் சொல்லுங்க. காய்ச்சின தண்ணி குடுங்க. கக்கூஸ்ல போகச் சொல்லுங்க" என்றாள். தெய்வம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். செருப்பு வாங்கினாள். தண்ணீரைக் காய்ச்சினாள். கக்கூஸுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். அவள் ஒரு வீடு. மழை இருபத்தாறு வீட்டுக்கும் சேர்த்துப் பெய்தது.

ஒரு நாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஷண்முகப்ரியா தனியாக வந்தாள். தெய்வம்மாவைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"இருக்குதுங்க்கா. என் கண்ணால பாத்தேன். உங்க புள்ளைக்கு ரொம்ப அதிகமா இருக்குது. எழுதினேன், எடுத்துட்டாங்க. வெளிய சொன்னா ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேங்கறாங்க."

"நீ என்னம்மா செய்வ."

"இல்லைங்க்கா, சொல்லத்தான் வந்தேன். இருக்குதுன்னு யாராச்சும் உங்ககிட்டச் சொல்லோணுமில்லீங்க."

தெய்வம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் அலுவலகம் அவளுக்குத் தந்த ஒரே உண்மை அதுதான். எழுதித் தரப்படாத உண்மை. அடுத்த மாதம் ஷண்முகப்ரியாவின் ஒப்பந்தம் முடிந்தது. சொன்னதற்கா, சொல்வாள் என்ற பயத்திலா என்று தெரியவில்லை.

தெய்வம்மா விடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைதோறும் அலுவலகத்து மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, மறியல் செய்யவில்லை. இந்துமதியை மடியில் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் போகிறவர்கள் என்ன என்று கேட்பார்கள். அவள் சீட்டைக் காட்டுவாள். விருதுக் குழு வருகிற மாதம் நெருங்கியபோது அது பொன்ராஜைத் தூங்கவிடவில்லை.

நாலாவது திங்கட்கிழமை புருஷன் பெண்டாட்டி இருவரையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். பிஸ்கட் வந்தது.

"உங்க பிரச்சினையைத் தீத்தாச்சுங்க" என்றார். "நான் ஒரு வாரம் உக்காந்து யோசிச்சேன். புழு இருக்குதுங்கறீங்க. ஒத்துக்கறேன்."

தெய்வம்மாவுக்குக் கண் நிறைந்தது. அய்யாவு நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டான்.

"உக்காருங்க, உக்காருங்க. புழு இருக்குது. ஆனா ஊர்ல புழு இல்லை. ரெண்டும் எப்படி ஒரே சமயத்துல உண்மையா இருக்கமுடியும்? ஒரே வழிதானுங்க. புழு இருக்கறவங்க இந்த ஊரே இல்லை." அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "நீங்கெல்லாம் சிலோன்ல இருந்து வந்த குடும்பங்கதானுங்களே? அந்தப் பத்தொம்பது ஊடும்?"

"பத்தொம்பது இல்ல சார்" என்றான் அய்யாவு. "இருபத்தாறும்தான்."

பொன்ராஜ் ஒரு கணம் யோசித்தார். "அப்ப ஏழு ஊடு மண்ணோட ஒத்துப்போயிருச்சுங்க. பத்தொம்பது இன்னும் ஒத்துப்போகலை."

"நான் அஞ்சு வயசுல வந்தவன் சார். எங்கப்பன் பாட்டன் அங்க தோட்டத்து லயத்துல கிடந்தாங்க, மெய்தான். கப்பல்ல வாந்தி எடுத்தது மட்டுந்தான் எனக்கு ஞாபகம். இவ இங்கயே பொறந்தவ. புள்ளயும் இங்கதான். புள்ள வயித்துப் பூச்சிக்கும் சிலோனுக்கும் என்ன சார்?" அய்யாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு தடுமாறும். தன் கட்சிக்குப் பலம் சேர்க்க இன்னொன்றையும் சொன்னான்: "கரையில எறங்கி மண்டபம் கேம்புக்கு வந்ததுமே எங்க எல்லாருக்கும் பூச்சி மாத்திரை குடுத்துட்டாங்க சார். நாங்க சுத்தமாத்தான் வந்தோம்."

"குமாரசாமி, இதை எழுதிக்கங்க" என்றார் பொன்ராஜ் உற்சாகமாக. "வர்றப்பவே மாத்திரை குடுக்க வேண்டியிருந்திருக்குது."

அப்படியாகப் பத்தொன்பது குடும்பங்களின் பெயர்கள் மேல் டிவிஷன் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டு, 'இடம்பெயர்ந்து வருவோர்' பட்டியலில் சேர்க்கப்பட்டன. வீடுகள் அங்கேயே இருந்தன. சனங்களும் அங்கேயே இருந்தார்கள். ஊர் மட்டும் அவர்களை விட்டுப் போனது.

இதில் நன்மையும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. இடம்பெயர்ந்து வருவோருக்குப் புழு இருக்கலாம். அதைப் பதிவேட்டில் எழுதலாம், அவர்களுக்கு மாத்திரையும் உண்டு. ஆனால் வந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் ஊற்றுச் சுவரும் விதியில் இல்லை. மிச்சமிருந்த ஏழு வீட்டுக்கு நாலு கக்கூஸ் அதிகம் என்று, சுவர் வரை வந்து நின்ற குழாயைப் பிடுங்கி, புழுவற்றதாகப் போகிற இன்னொரு ஊருக்கு எடுத்துப் போனார்கள். ஏழு வீட்டுக்காக மாதாமாதம் மலையேற வேண்டாம் என்று ரேகாவுக்கும் உத்தரவு வந்தது. ரத்தச்சத்து மாத்திரை ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் பள்ளிக்கூடத்தில் இந்துமதிக்குக் கொடுத்துவந்ததும் நின்றது. விருது வந்தது. பொன்ராஜ் அதை வாங்கும் படம் செய்தித்தாளில் வண்ணத்தில் வந்தது.

புழு மாத்திரையை மாவட்டத்துக்குள் நுழையும் இடத்தில்தான் தருவார்கள். கேரள எல்லையில், சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது குடும்பங்களும் மூன்று ஜீப்புகளில் நெருக்கியடித்து எல்லைக்குப் போனார்கள். தடுப்புக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினார்கள். ஒரு டீக்கடை வரை நடந்தார்கள். பிறகு திரும்பி இந்தப் பக்கம் நடந்து வந்தார்கள். வந்தவுடன் 'இன்று வந்தோர்' என்று பதிந்தார்கள்.

கொட்டகையில் இருந்த அலுவலர் பேனாவோடு இந்துமதியைப் பார்த்தார். "எங்க இருந்து வர்றீங்க கண்ணு?"

"மேல் டிவிஷன்."

"அது போற எடமாட்ட இருக்குது. வர்ற எடம் சொல்லு."

இந்துமதி அம்மாவைப் பார்த்தாள். தெய்வம்மா அய்யாவுவைப் பார்த்தாள். அய்யாவு தரையைப் பார்த்தான். பின்னால் வரிசை நின்றது. "வீட்ல இருந்துதான் வர்றோம்" என்றாள் பிள்ளை, அழுகை வரும் குரலில். அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். இடம் தெரியாமல் பதிய முடியாது என்றார். கடைசியில் பின்னால் நின்ற யாரோ "வெளியூருன்னு போட்டுக்கங்க சார்" என்று குரல் கொடுக்க, அவரும் அப்படியே போட்டுக்கொண்டு மாத்திரையைத் தந்தார்.

அடுத்த மாத்திரை ஆறு மாதம் கழித்து. அதற்குள் இரண்டு முறை புழு வந்தது, ஒரு முறை ரத்தம் ஏற்றினார்கள். தெய்வம்மா மாடிப்படியில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். ஊர்க்காரர்களின் மனுவைத்தான் வாங்க முடியும் என்று குமாரசாமி எழுந்து நின்று சொல்லியிருந்தார்.

இரண்டாம் முறை எல்லைக்குப் போனபோது இந்துமதிக்குப் பத்து வயது. யாரும் சொல்லாமலே தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். டீக்கடை வரை நடந்தாள், இடையில் ஒரு தடவை உட்கார்ந்தாள். திரும்பி வந்தாள். வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நின்று, கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள்.

"எங்க இருந்து கண்ணு வர்றே?"

"வெளியூர்" என்றாள் இந்துமதி. தெளிவாக, மூச்சு வாங்காமல்.

"ஆஹா! புள்ளை நல்லாப் படிக்குமாட்ட இருக்குதுங்களே" என்று அலுவலர் தெய்வம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மாத்திரையோடு சேர்த்துத் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயும் எடுத்துக் கொடுத்தார்.

பிள்ளை இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். தெய்வம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று வந்தவர்களோடு வந்தவளாக, மலையேற ஆரம்பித்தாள்.